கலீபா பஜாரில்தான் இருக்கிறார்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கண்ணுக்கு அழகாக இருக்காது. போர்டு ஸ்கூலில் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் கையில் பிடித்ததெல்லாம் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியும் கத்தரிக்கோலும்தான். துணியில் இழுத்துப் பழகிய கை காகிதத்திலும் இழுத்துக்கொண்டே போகிறது. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் படிக்கிறவர்களே திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் நாங்கள் பேசுவது உருது, கடையில் தமிழும் தெலுங்கும். எழுதத் தெரிந்தது தமிழ் ஒன்றுதான், அதுவும் இந்த அழகில்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தேசம் இரண்டான பிறகு, அரக்கோணம் போகிற ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என் தாடியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: "நீங்கல்லாம் இன்னா ராஜ்யம் வேணும்னு கேட்டீங்க, பாய்?" சிலர் கோபத்தில் கேட்கிறார்கள், சிலர் தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். நான் கூச்சக்காரன். இரண்டு பேருக்கும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பட்டணத்தில், டில்லியில் பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. யுத்தம் முடிந்த வருஷத்து ரம்ஜான் மாதத்தில், திருத்தணியில் எங்கள் சின்னப் பள்ளிவாசலில் ராஜ்யத்தைப் பற்றி என்ன பேசினோம் என்பது தெரியும். ரயிலில் வாயால் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

ஊரில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "கலீபா" என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் உருதுக்காரர்கள் தையல்காரனையும் கலீபா என்பார்கள், முடி வெட்டுகிறவரையும் கலீபா என்பார்கள், குஸ்தி சொல்லித் தருகிறவரையும் கலீபா என்பார்கள். தொழில் தெரிந்த ஆள் என்று அதற்கு அர்த்தம். மலைக்குப் போகிற தெருவும் பஜாரும் சேருகிற இடத்தில் என் கடை. கிருத்திகை வந்தால் காவடிக்காரர்களுக்கு மஞ்சள் துணிக்கு ஓரம் அடித்துக் கொடுப்பேன். அவர்களும் "கலீபா, சீக்கிரம், படியேறணும்" என்றுதான் அவசரப்படுத்துவார்கள். அந்த வார்த்தைக்கு உலகத்தில் வேறு அர்த்தம் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது.

அந்த ரம்ஜானுக்கு வேலூர்ப் பக்கத்து மதரஸா ஒன்றில் ஓதிய ஒரு மவுலவி வந்தார். வயசு நாற்பதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு, கண்ணாடி, ஒட்டுப்போட்ட செருப்பு. எலெக்ஷன் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்த சமயம். பச்சைக் கொடிக்காரர்களும் வந்து பேசினார்கள், மூவர்ணக் கொடிக்காரர்களும் வந்து பேசினார்கள். இவர் எந்தக் கொடியோடும் வரவில்லை. மாதம் முழுக்க முத்தவல்லி வீட்டில் தங்கினார். முத்தவல்லி என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். எங்கள் முத்தவல்லி தோல் மண்டி வைத்திருந்தவர். நல்ல உயரம், கனத்த குரல். அவர் கனைத்தால் நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் நேராக நிற்பார்கள்.

தினமும் அஸர் என்கிற சாயங்காலத் தொழுகை முடிந்ததும், நோன்பு திறக்கிற வரைக்கும் மவுலவி பேசுவார். வயிறு காலியாக இருக்கிற நேரத்தில் ஒருவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது லேசில்லை. ஆனால் அவர் பேச்சில் எனக்குப் பசி தெரியவில்லை. ராஜ்யம் ராஜாவுக்குச் சொந்தமில்லை என்றார். வெள்ளைக்காரனுக்கும் இல்லை, நாளைக்கு வரப்போகிற மந்திரிகளுக்கும் இல்லை, அது அல்லாஹ்வுக்குச் சொந்தம். ஆளுகிறவன் வெறும் காரியஸ்தன், அவன் கையில் இருப்பது அடுத்தவர் பொருள் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. கடைக்கு வருகிற துணி எதுவும் என்னுடையது இல்லை. அதை வெட்ட எனக்கு உரிமை உண்டு, வைத்துக்கொள்ள உரிமை இல்லை. மிச்சத் துண்டையும் மடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஆட்சியும் அப்படித்தான் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பேச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. மவுலவி குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடு சொன்னார்: "இன்னிக்கு முஸ்லிம்களுக்கு ஒரு கலீபா இல்லை. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. கலீபா இல்லாம நாம தவிச்சுக்கிட்டு இருக்கோம்."

முன்வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். அவர் உடனே, "ஏன் இல்ல ஹஜ்ரத்? பஜார்லதான் கட வெச்சிகினு கீறாரு. ஜிப்பா தெக்கணுமா? இப்பவே இஸ்துகினு வரவா?" என்றார்.

பள்ளிவாசலே சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். மவுலவிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவரும் சிரித்தார். பிறகு கலீபா என்றால் பிரதிநிதி, முன்காலத்தில் முஸ்லிம்களின் ஆட்சித் தலைவருக்கு அந்தப் பெயர் என்று விளக்கினார். அந்த ஆரம்பகாலக் கலீபாக்களைப் பள்ளிவாசலிலேயே யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்றும், கேட்கிறவனைப் பிடித்து உட்கார வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். ஜனங்களைக் கலந்து பேசாமல் ஆளுகிறவன் முடிவு செய்யக் கூடாது, அப்படிக் கலந்து பேசுவதற்கு மஷூரா என்று பெயர் என்றார்.

மறுநாளிலிருந்து என் கதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மையார்குப்பத்து நெசவாளி ஒருவர் என் சிநேகிதர். துண்டு விற்க வந்தால் என் கடையில்தான் மூட்டையை இறக்குவார். விஷயம் அவர் காதுக்கும் போய்விட்டது. வாசலில் நின்று பெரிய கும்பிடு போட்டார்.

"இன்னா கலீபா, ராஜ்யம் வந்துகினு இருக்குதாமே? நூல் கண்ட்ரோல எடுத்துடு மொதல்ல. தறி சும்மா கெடக்குது."

"ஐயோ, நீங்க வேற" என்றேன்.

அந்த நேரம் மவுலவியே கடைக்கு வந்தார். ஜிப்பா கை கிழிந்திருந்தது, தைத்துக் கொடுக்கக் கேட்டார். நெசவாளி அவருக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டு நேராகவே கேட்டுவிட்டார்: "சாமி, உங்க ராஜ்யம் வந்தா நான் காவடி எடுத்துகினு மலைக்குப் போலாங்களா?"

"தாராளமா போகலாம்" என்றார் மவுலவி. "உங்க கோயிலையும் உங்க உசுரையும் காப்பாத்தறது அந்த ராஜ்யத்தோட பொறுப்பு. அதுல தவறினா ஆளுறவன் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும்."

நெசவாளி விடவில்லை. "பொறுப்புன்னா, வூட்ல கொழந்தைங்க பொறுப்பு மாதிரியா? நான் வளந்த ஆளுங்க, சாமி. வரி கட்டறேன். என்னமோ கலந்து பேசறதுன்னு சொன்னீங்களாமே, அதுல என்னையும் கூப்புட்டுக் கேப்பாங்களா, இல்ல வெளிய நிக்க வெச்சிக் காப்பாத்துவாங்களா?"

நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மவுலவிக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. "படிச்ச கிதாபுல இதுக்குப் பல பதில் இருக்கு" என்றார். "ஆனா நீங்க கேக்கற மாதிரி யாரும் என்னக் கேட்டதில்ல. எனக்கே மனசு ஒப்பற பதில் இப்ப இல்ல. யோசிக்கறேன்."

அவ்வளவு படித்த ஒருவர், துண்டு விற்க வந்தவரிடம் 'பதில் இல்லை' என்று சொன்னதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடிற்று.

துணிக்குப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. எல்லாம் கண்ட்ரோல். நான் புதுச்சட்டை தைத்ததைவிடப் பழைய சட்டையின் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்ததுதான் அதிகம். முத்தவல்லி தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பெருநாளைக்கு ஏழைகளுக்குக் கொடுக்க வெள்ளைத் துணி ஒரு பேல் பர்மிட்டில் வாங்கிவிட்டார். ரம்ஜான் கடைசிப் பத்து நாளில் அதைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு முழுச் சட்டைக்குக்கூடப் போதாத அளவுதான் வந்தது. சும்மா வந்தது என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள்.

ஜட்கா ஓட்டுகிற ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர். குதிரையோடு பேசிப் பேசி அவருக்குக் குரல் அப்படியே பழகிவிட்டது, ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, எல்லோரும் எழுந்திருக்கிற சமயம் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"கொஞ்சம் இருங்க. எழுந்து கேக்கலாம்னு ஹஜ்ரத் சொன்னாரு, கேக்கறேன். முத்தவல்லி சாயபு, அந்த பேலை ஸ்டேஷன்லேர்ந்து ஏத்தியாந்தது என் வண்டி. என் குதிரை மேடு ஏற முடியாம நின்னுச்சு, அவ்ளோ கனம். குடுத்தது பாதி கூடத் தேறாது. மீதி துணி எங்க?"

முத்தவல்லியின் முகம் சிவந்துவிட்டது. "நான் இன்னா கவர்னரா, நீ இன்னா கவுன்சில் மெம்பரா, என்னக் கேள்வி கேக்கறதுக்கு?" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "கேட்டியே, நான் ஒண்ணு கேக்கறேன். பெருநாள் கழிச்சு உன் பொண்ணுக்கு நிக்காஹ் வெச்சிருக்க. ஜமாஅத் அனுமதி இல்லாம யார் வந்து ஓதுவாங்க?"

ஜட்காக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் அது. முத்தவல்லி சம்மதித்தால்தான் நிக்காஹ் நடக்கும். ஜமாஅத், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த ஜனங்கள், விலக்கி வைத்துவிட்டால் கல்யாணத்துக்கும் யாரும் வரமாட்டார்கள், செத்தால் மய்யித்தைத் தூக்கவும் தோள் கொடுக்க மாட்டார்கள். மாப்பிள்ளை அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிற பையன். விலக்கு என்ற வார்த்தை அந்த வீட்டுக்கு எட்டினால் சம்பந்தம் முறிந்துவிடும்.

மறுநாள் அவர் என் கடைக்கு வந்தார். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை மிஷினில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெச்சிடவா, நிறுத்திடவா?" என்று கேட்டேன்.

"தெய், கலீபா. வூட்ல அவ நேத்துலேர்ந்து எங்கூடப் பேசல. 'உன் நாக்கு நம்ம பொண்ணு வாழ்க்கைய துன்னுடுச்சு'ன்றா." முதல் தடவையாக அவர் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. "கேட்டது தப்பா?"

துண்டு மூட்டையோடு உட்கார்ந்திருந்த நெசவாளி, "கேக்கலாம்ன்ற ராஜ்யம் வர்றதுக்கு முன்னாலயே கேட்டுட்டியே, பாவா" என்றார். ஜட்காக்காரர் அந்தக் கஷ்டத்திலும் சிரித்துவிட்டார். பிறகு, "அந்த ராஜ்யத்துல கேட்டா சரி, இந்த ஊர்ல கேட்டா தப்புன்னா, அது எதுக்குங்க?" என்றார். நான் வழக்கம்போல ரவிக்கையை மிஷினில் தள்ளினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் ஜமாஅத் கூடியது. முத்தவல்லி ஒரு பக்கம், ஜட்காக்காரர் ஒரு பக்கம். நாலைந்து பேர் சேர்ந்து, "ஹஜ்ரத், நீங்க தீர்ப்பு சொல்லுங்க" என்றார்கள்.

மவுலவி எழுந்தார். "நான் சொல்லக் கூடாது. இந்த மாசம் பூரா அவர் வீட்டுச் சோறு சாப்பிடறேன். அவருக்குச் சாதகமாச் சொன்னா சோத்துக்குச் சொன்னேன்னு ஆகும். பாதகமாச் சொன்னா, சோத்துக்கு மயங்கலன்னு காட்டிக்கச் சொன்னேன்னு ஆகும். ரெண்டும் சுத்தமான தீர்ப்பு இல்ல." உட்கார்ந்துகொண்டே தனக்குள் சொல்லிக்கொள்வது போல, "ஒரு கலீபா இருந்தா அவர் முன்னால வைக்கலாம்" என்றார்.

காது மந்தமான பெரியவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டது. "கலீபாவா? தோ, தூணுக்குப் பின்னால ஒக்காந்துகினு கீறாரே!"

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. முத்தவல்லிகூடத் தாடிக்குள் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடு கோபத்தைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம் போலும். "சரிய்யா" என்றார். "அந்தக் கலீபாவே சொல்லட்டும். அவர் வம்புக்கும் போறவர் இல்ல, யார் வூட்டுச் சோத்துக்கும் போறவர் இல்ல. அவர் சொல்றத நான் ஒத்துக்கறேன். நீ ஒத்துக்குவியா?"

"ஆங், ஒத்துக்கறேன்" என்றார் ஜட்காக்காரர்.

என்னை எழுப்பி முன்னால் தள்ளினார்கள். தெருவில் யாராவது வழி கேட்டாலே கையைக் காட்டிவிட்டுப் போகிறவன் நான். அத்தனை கண்களும் என் மேல். ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயில் இருக்கிறது. தீர்ப்பு என்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொன்னேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"இன்னா?" "இன்னா சொன்னாரு?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

ஜட்காக்காரர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தார். குதிரையை அதட்டுகிற குரலில் எல்லோருக்கும் சொன்னார்: "கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாப் போதும்ன்றாரு!"

அதற்கப்புறம் நடந்ததுதான் இவ்வளவு நாளாகியும் என்னால் மறக்க முடியாதது. முத்தவல்லி மாட்டேன் என்றிருந்தால் எங்களால் என்ன செய்திருக்க முடியும்? போலீசா, பட்டாளமா? தையல்காரன் வார்த்தைக்கு என்ன பலம்? ஆனால் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் ஒன்றுதான் அவரைக் கட்டிப்போட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்கிற தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையைத் திறந்து, "வந்து பாருங்க" என்றார்.

உள்ளே வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது.

"கஃபன் துணி" என்றார். மய்யித்துக்குப் போர்த்துகிற துணி. "போன வருஷம் பள்ளிப்பட்டுப் பக்கம் காலரா வந்தப்போ போயிருந்தேன். ஒரு மனுசனக் கிழிஞ்ச வேட்டியில சுத்தி அடக்கினாங்க. கடையில துணி கெடைக்கல. நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் அந்த கதி வரக் கூடாதுன்னு எடுத்து வெச்சேன். பெருநாளும் அதுவுமா கஃபன் துணின்னு எப்பிடிச் சொல்றது? பொம்பளைங்க அழுவாங்களேன்னு சொல்லல."

ஜட்காக்காரர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுவிடுவார், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "சாயபு, உங்களத் தப்பா நெனச்சது என் குத்தம்தான். நீங்க பண்ணது நல்ல காரியம். ஆனா செத்தவனுக்கு எடுத்து வெக்கிறதுக்கு உசுரோட கீறவன் பங்குலதான் கொறச்சீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா, எடுத்து வெய்யிங்கன்னு நாங்களே சொல்லியிருப்போமே."

முத்தவல்லி அவரைப் பார்த்தார். "கேட்டிருக்கணும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அதை அவர் சொன்னபோது, அவர் உயரம் கொஞ்சமும் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. மவுலவி எதையும் விளக்கவில்லை. கையேந்தி துஆ செய்தார், நாங்கள் ஆமீன் சொன்னோம்.

பிறகு ஊரில் மஷூரா என்கிற வார்த்தை படாத பாடு பட்டது. கஞ்சியில் உப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு மஷூரா, பாய் எந்தப் பக்கம் விரிப்பது என்பதற்கு ஒரு மஷூரா. ஒரு நாள் எல்லோரும் பேசி முடிப்பதற்குள் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. கலந்து பேசுகிற ஆட்சியில் இந்தத் தொல்லை உண்டுதான். ஆனாலும் தீய்ந்த கஞ்சியை யாரும் குறை சொல்லாமல் குடித்தோம்.

மவுலவி சொன்ன ராஜ்யம் உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதன் பெயரைச் சொல்லி எழுந்த தேசத்தில் இருக்கிறதா என்றும் தெரியாது, நான் அங்கே போகவில்லை. போக நினைத்ததும் இல்லை. ஒரு தோல் மண்டிக்காரர், ஒரு ஜட்காக்காரர் கேட்ட கேள்விக்குப் பூட்டைத் திறந்து பதில் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் என்ன ராஜ்யம் கேட்டோம் என்று கேட்கிறவர்களுக்கு, என் அளவில் சொல்ல முடிந்தது அது.

கல்யாண விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைக்கு அந்த அறை வாசலில் ஜட்காக்காரர் தயங்கித் தயங்கி, "நிக்காஹ்?" என்று கேட்டார். முத்தவல்லி, "நான் யார் முடிவு பண்றதுக்கு? ஜமாஅத்தக் கேட்டுச் சொல்றேன்" என்றார். கிண்டலா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. பெருநாள் முடிந்து, மவுலவியும் ஊருக்குப் போய்விட்டார். நிக்காஹ் நாள் வரைக்கும் முத்தவல்லி வாயைத் திறக்கவில்லை. அந்த நாட்களில் ஜட்காக்காரர் இளைத்துப் போனார். அவர் சட்டையை நான் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

நிக்காஹ் அன்று காலை அரக்கோணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வீட்டு முன்னால் பந்தல். ஒரு பக்கம் திரை கட்டிப் பெண்கள். முத்தவல்லி வந்தார், நடுவில் நின்றார், உட்காரவில்லை. ஜட்காக்காரரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இந்த நிக்காஹுக்கு ஜமாஅத் சம்மதமா?" என்று முத்தவல்லி சத்தமாகக் கேட்டார்.

அப்படி யாரும் எங்களைக் கேட்டதே இல்லை. இதுவரைக்கும் அவர் தலையை ஆட்டுவார், ஓதுகிறவர் ஓத ஆரம்பிப்பார், அவ்வளவுதான். எழுந்து சொல்வதா, கையைத் தூக்குவதா, யார் முதலில் சொல்வது என்று தெரியாமல் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாப்பிள்ளையின் தகப்பனார் ஏதோ தடங்கல் என்று நினைத்து எழுந்தே விட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "ஆங், சம்மதம்தான்! சீக்கிரம் ஓதச் சொல்லுங்க, சோறு ஆறிகினு இருக்குது."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. முத்தவல்லி திரையின் பக்கம் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார். "ஜமாஅத் சம்மதிச்சாச்சு" என்று சொல்லி, ஜட்காக்காரரைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஓதுகிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

எழுதி முடித்தது, திருத்தணி, 1949ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11ஆம் தேதி.